ஏ மைனர் என்று விற்கப்பட்ட மவுத் ஆர்கன்

பெரம்பூரில் என் மைத்துனர் வீட்டில் ஞாயிறுதோறும் நாங்கள் சேர்ந்து வாசிப்பது வழக்கம் என்பதால், ஏ மைனரில் வாசிக்க ஒரு பத்துத் துளை மவுத் ஆர்கன் வேண்டும் என்று பிராட்வே பக்கம் ஒரு கடையில் கேட்டேன். "இதோ சார், ஏ மைனர், ஒரே ஒரு பீஸ்தான் இருக்கு" என்று எடுத்துக் கொடுத்த கடைக்காரர் 2,800 ரூபாய் வாங்கிக்கொண்டார். பெட்டியில் அச்சிட்ட ஏ எழுத்தை ஒட்டிச் மைனரைக் குறிக்கும் ஓர் எம் சின்னதாக இருந்ததைப் பார்த்து நானும் நம்பிவிட்டேன்.

மைத்துனர் கீபோர்டில் ஏ மைனர் கார்டை (சேர்ந்து ஒலிக்கும் மூன்று சுரங்களை) பிடிக்க, நான் 4, 5, 6 ஆகிய துளைகளைச் சேர்த்து ஊதினேன். இரண்டும் ஒட்டவே இல்லை. கைப்பேசி டியூனர் ஐந்தாம் துளையை சி ஷார்ப் என்று காட்டியது. மைனருக்கு வேண்டியது சி. அதாவது சாதாரண காந்தாரம் இருக்க வேண்டிய இடத்தில் மேஜருக்குரிய அந்தர காந்தாரம் உட்கார்ந்திருந்தது, அந்தத் துளையை எப்படி பெண்ட் செய்தாலும், அதாவது மூச்சால் சுரத்தை வளைத்துக் கீழே இறக்கப் பார்த்தாலும், சி வராது. பெட்டியை எடுத்து ஈர விரலால் அந்த எம்மைத் தேய்த்தேன். ஸ்கெட்ச் பேனா மை விரலோடு வந்துவிட்டது.

மறுநாள் மாற்றித் தரக் கேட்டபோது, "வாய் வெச்சு ஊதினதை நான் யாருக்கு சார் விக்கிறது?" என்றார். அந்த ஒரு நியாயத்தை மட்டும் என்னால் மறுக்க முடியவில்லை. ரசீதில் ‘மவுத் ஆர்கன் – 1’ என்பதைத் தவிர வேறொன்றும் இல்லாததால் வாதாடவும் வழியில்லை. வாங்குபவர்கள் சுருதியையும் மேஜரா மைனரா என்பதையும் ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

என்னை அதிகம் உறுத்துவது, இந்தச் செலவே தேவையில்லை என்பதுதான். வீட்டில் கிடந்த சி மவுத் ஆர்கனில் ஆறாம் துளையில் மூச்சை உள்ளே இழுத்துத் தொடங்கிப் பத்தாம் துளை இழுப்பு வரை போனால் ஏ நேச்சுரல் மைனர், நம் நடபைரவி ராகம், பெண்ட் இல்லாமலே வந்துவிடுகிறது; கீழ் ஸ்தாயியில்தான் இரண்டாம், மூன்றாம் துளை இழுப்புகளை வளைக்க வேண்டியிருக்கும். ஜி மவுத் ஆர்கனில் 4, 5, 6 துளைகளைச் சேர்த்து இழுத்தால் ஏ மைனர் கார்டே கிடைக்கும், ஆனால் எஃப் ஷார்ப் வருவதால் அது கரகரப்பிரியா பாட்டுக்குத்தான் ஆகும். கீரவாணி ராகத்துக்கு ஹார்மோனிக் மைனர் என்றே கடையில் கேட்டு வாங்க வேண்டும்.

உண்மையான மைனர் கருவியிலும் ஒரு குழப்பம் உண்டு. லீ ஆஸ்கர் என்ற பிராண்டின் நேச்சுரல் மைனரில் ஏ மைனர் என்ற லேபிள், முக்கியமாக இழுத்து வாசிக்கும் ‘இரண்டாம் பொசிஷன்’ முறைக்கானது. ஊதினால் டி மைனர்தான் கேட்கும். அதைக் கேட்டுவிட்டு, ஏமாற்றிவிட்டான் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போய்விடாதீர்கள்.