வேட்டியும் கரண்ட் பைப்பும்: நானே செய்த லைட் செட், ஆறு மாதம் கழித்து

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ், இதுதான் பிழைப்பு. இரண்டு வருடமாக பாட்டில், பாக்கெட் படம் கேட்டும் ஆட்கள் வருகிறார்கள். செக்கு எண்ணெய், ராகி மாவு, மாம்பழ ஜெல்லி, காவேரிப்பட்டணத்து நிப்பட்டு (தட்டை). ஆன்லைனில் விற்க வேண்டும், பின்னணி வெள்ளையாக இருக்க வேண்டும் என்பார்கள்.

முதலில் மடக்கி வைக்கிற லைட் பாக்ஸ் (உள்ளே விளக்கு பொருத்திய வெள்ளைப் பெட்டி) ஒன்றை வரவழைத்தேன். சோப்பு, மாவு பாக்கெட் என்றால் அதைக் குறை சொல்ல மாட்டேன், ஐந்து நிமிடத்தில் படம் ரெடி. ஒரு லிட்டர் நல்லெண்ணெய் பாட்டிலை உள்ளே வைத்ததும்தான் வண்டவாளம் தெரிந்தது. மூடிமேல் வெளிச்சம் கொட்டுகிறது, அடிப்பக்கம் இருட்டு. கண்ணாடியில் எல்.இ.டி. எல்லாம் புள்ளி புள்ளியாக, திருவிழா சீரியல் செட் மாதிரி. எண்ணெய் கொண்டுவந்த தம்பி கேமராவை எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இது எங்க எண்ணெயாண்ணா?" என்றார். விளக்கைக் கொஞ்சம் பின்னால் தள்ளலாம் என்றால் அது கூரையோடு ஒட்டியிருக்கிறது.

சரி, நாமே செய்து பார்ப்போம் என்று ஹார்ட்வேர் கடைக்குப் போனேன். ஒரு இன்ச் கரண்ட் பைப், எல்போ, டீ என்று எண்ணி எண்ணி வாங்கியதைப் பார்த்துக் கடைக்காரர், "என்ன சார், கோழிக்கூண்டா?" என்று கேட்டார். இரண்டரை அடி அகலம், மூன்றரை அடி உயரத்தில் இரண்டு சட்டம். நாலு லிட்டர் பெயிண்ட் டப்பாவில் ஜல்லியும் சிமெண்டும் கொட்டி நடுவில் பைப்பை நட்டால் அதுதான் ஸ்டாண்டு. ஒரு சட்டத்தில் அப்பாவின் நாலு முழ வேட்டியை இழுத்துக் கட்டினேன். இன்னொன்றில் பட்டர் பேப்பர். பாட்டிலுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு சட்டம், அதற்குப் பின்னால் பல்பு.

பல்பை வேட்டிக்கு ஒட்டி வைத்தால் நடுவில் மட்டும் வட்டமாக எரியும். ஒன்றரை அடி பின்னால் இழுத்தால் துணி முழுக்க வெளிச்சம் பரவும். அப்புறம் பாட்டிலுக்கு விளக்கு பல்பு இல்லை, அந்த வேட்டிதான். துணி பாட்டிலுக்கு எவ்வளவு கிட்டே இருக்கிறதோ அவ்வளவு மெத்தென்று நிழல் விழும்.

முதல் நாள் படத்தில் ஒரு கோளாறு. பாட்டிலின் இடது பக்கம் லேசான நீலம், வலது பக்கம் மஞ்சள். பல்பை மாற்றினேன், கேமராவில் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை மாற்றினேன். இடது சரியானால் வலது கெடுகிறது. அரை நாள் போனது. கடைசியில் அம்மாதான் வேட்டியைப் பார்த்துவிட்டு, "நல்லா நீலம் போட்டு வெளுத்ததுடா, அழுக்காக்கிடாத" என்றார். சொட்டு நீலம்! கண்ணுக்குப் பளிச்சென்ற வெள்ளை, கேமராவுக்கு நீல பில்டர். மறுநாளே புது மல் துணி வாங்கி இரண்டு சட்டத்துக்கும் ஒரே துணியைக் கட்டினேன். இரண்டு பக்கமும் ஒரே நிறம் வந்துவிட்டது. வேட்டி பீரோவுக்குத் திரும்பிவிட்டது.

பல்பு விஷயத்தில்தான் நான் பணத்தைக் கொட்டினேன், அதில் வருத்தம் இல்லை. வீட்டுக்குப் போடும் சாதாரண எல்.இ.டி.யில் சி.ஆர்.ஐ. (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதற்கு நூற்றுக்கு மார்க்) 80 அளவில்தான் இருக்கும். அந்த எண் எட்டு வெளிர் நிறங்களின் சராசரி. அடர் சிவப்பு அந்தக் கணக்கிலேயே வராது, அதை ஆர்9 என்று தனியாகப் பார்க்க வேண்டும். மிளகாய்த் தூளும் செந்தூரா மாம்பழத்தின் சிவந்த கன்னமும் செங்கல் தூள் மாதிரி விழுந்ததற்குக் காரணம் அதுதான். சி.ஆர்.ஐ. 95 போட்ட பல்பு நாலு, ஒன்று 450 ரூபாய். மொத்தச் செலவு 3,100 சொச்சத்தில் பாதிக்கு மேல் பல்புக்கே போனது.

எண்ணெய் பாட்டிலுக்கு இப்போது ஒரு சட்டத்தைப் பின்னால் நிறுத்துகிறேன். வெளிச்சம் எண்ணெய்க்குள் புகுந்து வரும்போது அந்தப் பொன்னிறம், நேரில் வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பதுபோலவே இருக்கும். ஆனால் வெள்ளைப் பின்னணியில் கண்ணாடி விளிம்பு கரைந்து போகும். அதற்குக் கறுப்பு சார்ட்டை நீளமாக வெட்டி, படத்துக்குள் வராமல் இரண்டு பக்கமும் நிறுத்தினால் பென்சிலில் கோடு போட்டதுபோல விளிம்பு எழுந்து நிற்கும். லேபிள் இருட்டாக இருந்தால் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்க முன்னால் ஒரு தெர்மகோல் துண்டு. நிப்பட்டுக்கு இதெல்லாம் வேண்டாம். ஒரே விளக்கு, பக்கவாட்டில், தட்டின் உயரத்துக்கு இறக்கி வைத்தால் போதும். வேர்க்கடலை, கறிவேப்பிலை, விண்டு போன ஓரம் எல்லாம் நிழலோடு வரும். (எடுத்த நிப்பட்டைத் திருப்பிக் கேட்பவர்கள் இதுவரை இல்லை.)

செட்டிங் ஒன்றும் பெரிதில்லை. ட்ரைபாட், ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8, இரண்டு செகண்டு டைமர். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், மலிவான பல்பு செகண்டுக்கு 100 தடவை துடிக்கும். ஷட்டரை 1/50-லோ அதைவிட மெதுவாகவோ வைத்தால் படத்தில் பட்டை விழாது.

குறைகளும் இருக்கின்றன. சில்வர் பாத்திரத்துக்கு இரண்டு சட்டம் போதவில்லை. சொம்பின் வயிற்றில் நானும் என் ஆரஞ்சு டி-ஷர்ட்டும் தெளிவாக விழுந்தோம், அந்த வேலையைத் திருப்பி அனுப்பிவிட்டேன். பர்கூரில் ஒரு துணிக்கடையில் வந்து எடுக்கக் கூப்பிட்டார்கள், சிமெண்ட் டப்பாவை பைக்கில் எப்படிக் கொண்டுபோவது? பத்துக்கு ஏழு கொடுப்பேன். பாட்டில் எடுப்பவர்கள் செய்து பாருங்கள். பாக்கெட் மட்டும்தான் என்றால் அந்த லைட் பாக்ஸே போதும்.

இன்னொன்று, ஃபேன் போட்டால் துணி படபடக்கும், பாட்டில்மேல் இருக்கும் வெளிச்சப் பட்டையும் ஆடும். ஃபேனை நிறுத்தினால் மாம்பழ சீசன் வெக்கையில் உள்ளே நிற்க முடியாது. அதனால் மே மாதம் பாட்டில் வேலை எல்லாம் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான், தோளில் துண்டோடு.