அட்வான்ஸ் டேக்ஸ்: நாலு தவணையா, மார்ச்சில் ஒரே தவணையா, சம்பளத்திலேயே பிடிக்கச் சொல்வதா?

டிடிஎஸ் (பணம் தருபவரே முன்கூட்டிப் பிடித்து அரசுக்குக் கட்டிவிடும் வரி) போக, ஒரு நிதியாண்டில் நாம் கட்ட வேண்டிய வருமான வரி 10,000 ரூபாயைத் தொட்டுவிட்டால், ரிட்டர்ன் தாக்கல் வரை அதைத் தள்ளிப்போட முடியாது. ஆண்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அட்வான்ஸ் டேக்ஸாகக் கட்டியாக வேண்டும். இது பெரிய வியாபாரிகளுக்கான சமாச்சாரம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் கொஞ்சம் பெரிய எஃப்டி வைத்திருக்கும் சம்பளக்காரர், வீட்டு வாடகை வாங்குபவர், வெளிநாட்டுக்கு வேலை செய்துகொடுக்கும் ஃப்ரீலான்ஸர் எல்லாரும் இதற்குள் வருகிறார்கள்.

கட்டுவதற்கு வழிகள் சில உண்டு. வட்டியை மட்டும் பார்த்து அவற்றை ஒப்பிடுவது போதாது என்பது என் கருத்து. வருமானம் உங்கள் கைக்கு எந்த ரூபத்தில் வருகிறது என்பதுதான் எந்த வழி என்பதை முடிவு செய்ய வேண்டும்.

நாலு தவணை

ஜூன் 15க்குள் ஆண்டு வரியில் 15%, செப்டம்பர் 15க்குள் 45%, டிசம்பர் 15க்குள் 75%, மார்ச் 15க்குள் முழுவதும். ஒவ்வொன்றும் அதுவரை கட்டியதையும் சேர்த்த கணக்கு. செப்டம்பரில் 45% என்றால், ஜூனில் கட்டிய 15% போக 30% கட்டினால் போதும்.

வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வேலை பார்க்கும் ஒரு பொறியியல் ஆலோசகரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு டிடிஎஸ் பிடிப்பவர் யாரும் இல்லை. வரிக்குரிய வருமானம் 18 லட்சம். 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறைப்படி முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 20,000, அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 40,000, அதற்கும் அடுத்த 4 லட்சத்துக்கு 60,000, மிச்சம் 2 லட்சத்துக்கு 40,000. மொத்தம் 1,60,000, செஸ் (வரித்தொகையின் மேல் போடும் கூடுதல் வரி) 4% சேர்த்தால் 1,66,400. தவணைகள் முறையே 24,960, 49,920, 49,920, 41,600 ரூபாய்.

தவணையில் குறை வைத்தால் 234சி பிரிவின்படி மாதம் 1% வட்டி. முதல் மூன்று தவணைகளுக்கும் தலா மூன்று மாத வட்டி, கடைசித் தவணைக்கு ஒரு மாதம். இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. ஜூன் 15ஐ விட்டுவிட்டு 16ஆம் தேதி கட்டினாலும் மூன்று மாத வட்டிதான். செப்டம்பர் 14இல் கட்டினாலும் அதே மூன்று மாதம்தான். எனவே ஒரு தேதி தவறிவிட்டால் அடித்துப் பிடித்துக்கொண்டு கடன் வாங்கிக் கட்ட வேண்டியதில்லை. அடுத்த தேதிக்குள் விட்டதையும் சேர்த்துக் கட்டிவிடுங்கள். அப்புறம், ஜூனில் 12%, செப்டம்பரில் 36% கட்டியிருந்தாலே அந்தத் தவணைகளுக்கு வட்டி போடமாட்டார்கள். அதற்கும் கீழே போனால் மட்டும் 15%, 45% என்ற முழு அளவிலிருந்து குறையைக் கணக்கிடுவார்கள்.

நாலு தவணையில் நிஜமான தலைவலி, ஜூன் மாதத்திலேயே ஆண்டு முழுவதற்குமான வருமானத்தை மதிப்பிட வேண்டியிருப்பதுதான். அமெரிக்காவில் போன ஆண்டு வரி எவ்வளவோ அந்த அளவுக்கு இந்த ஆண்டு கட்டியிருந்தால் பொதுவாக அபராதத்திலிருந்து தப்பலாம். அங்குள்ள விளக்கங்களைப் படித்துவிட்டு இங்கும் அப்படித்தான் என்று இருந்துவிடாதீர்கள். நம் சட்டத்தில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. கடைசியில் உண்மையாக வந்த வருமானத்தை வைத்துத்தான் பின்னோக்கி வட்டி போடுகிறார்கள். ஜனவரியில் எதிர்பாராமல் ஒரு பெரிய வேலை வந்தால், ஜூனிலேயே அதற்கு வரி கட்டவில்லை என்று வட்டி விழும். இது நியாயமே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பங்கு, மனை விற்ற மூலதன ஆதாயம், டிவிடெண்ட், லாட்டரிப் பரிசு, முதன்முறையாகத் தொடங்கிய தொழிலின் வருமானம் ஆகியவற்றுக்கு மட்டும் சட்டம் இரங்குகிறது: பணம் வந்தபின் மிச்சமிருக்கும் தவணைகளில், தவணையே மிச்சமில்லை என்றால் மார்ச் 31க்குள், அதற்குரிய வரியைக் கட்டினால் 234சி வட்டி இல்லை. மாதா மாதம் ஏறி இறங்கும் ஃப்ரீலான்ஸ் வருமானத்துக்கும் இதே சலுகை இருந்திருக்க வேண்டும்.

சரி, எப்படி மதிப்பிடுவது? போன ஆண்டுத் தொகையை அப்படியே எடுத்துக்கொள்வது ஒரு வழி. இதுவரை வந்ததையும் கையில் உறுதியாக இருக்கும் வேலைகளையும் கூட்டுவது இன்னொரு வழி. வருமானம் சீராக இருப்பவருக்கு முதல் வழியே போதும், பத்து நிமிட வேலை. மற்றவர்களுக்கு இரண்டாவதுதான் சரி. ஒவ்வொரு தவணைக்கு முன்பும் திரும்பக் கணக்குப் போட வேண்டும். இரண்டில் எதுவானாலும் மதிப்பீடு கொஞ்சம் கூடுதலாக இருப்பது நல்லது. குறைத்துக் கட்டினால் நாம் தருவது மாதம் 1%. கூடுதலாகக் கட்டிய அட்வான்ஸ் டேக்ஸ் ரீஃபண்டாக வரும்போது துறை தருவது மாதம் 0.5%, அதுவும் அடுத்த ஏப்ரலிலிருந்துதான், அதற்கும் வரி உண்டு. ஆக, கொஞ்சமாகக் கூட்டலாம், அள்ளிக் கொடுக்க வேண்டாம்.

44ஏடிஏ: மார்ச்சில் ஒரே தவணை

மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர், கட்டடக் கலைஞர், கணக்காளர், தொழில்நுட்ப ஆலோசகர் போன்ற குறிப்பிட்ட தொழில்காரர்கள் 44ஏடிஏ பிரிவின்படி, வந்த மொத்தத் தொகையில் பாதியை வருமானமாகக் காட்டலாம். ஆண்டு வரவு 50 லட்சம் வரை இருக்கலாம். ரொக்கமாக வந்தது 5%க்கு மேல் போகாவிட்டால் 75 லட்சம் வரை. இந்த வழியில் போகிறவர்களுக்கு ஜூன், செப்டம்பர், டிசம்பர் தேதிகள் கிடையாது. மார்ச் 15க்குள் மொத்த வரியையும் ஒரே தடவையில் கட்டினால் போதும். அவர்களுடைய எஃப்டி வட்டி மாதிரியான மற்ற வருமானத்துக்கான வரியும் இதே தேதிக்குள் அடங்கிவிடும். சிறு வியாபாரிகளுக்கான 44ஏடி பிரிவிலும் தேதி இதுதான்.

மேலே சொன்ன ஆலோசகருக்கு ஆண்டு வரவு 36 லட்சம் என்றால், 44ஏடிஏ கணக்குப்படியும் வருமானம் அதே 18 லட்சம், வரி அதே 1,66,400. ஆனால் மார்ச் மாதம் வரை பணம் அவர் கையில் இருக்கும், வட்டி ஒரு பைசா இல்லை. 44ஏடிஏ இல்லாமல், அதே தொகையை அவர் மார்ச் 15இல் மொத்தமாகக் கட்டியிருந்தால் 234சி வட்டி மட்டும் 6,735 ரூபாய்.

வருமானம் எப்போது எவ்வளவு வரும் என்றே தெரியாதவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. மார்ச் நடுவில் உட்காரும்போது ஊகிக்க எதுவும் மிச்சமிருக்காது. ஆனாலும் இந்தத் தேதி வசதிக்காக மட்டும் 44ஏடிஏவுக்குள் போகாதீர்கள். அலுவலக வாடகை, உதவியாளர் சம்பளம் என்று உண்மையான செலவே 65% ஆகிறவர், பாதியை லாபமாகக் காட்டினால் இல்லாத வருமானத்துக்கு வரி கட்டுகிறார். குறைத்துக் காட்ட வேண்டுமென்றால் கணக்குப் புத்தகமும் ஆடிட்டும் வேண்டியிருக்கும். அப்படிப்பட்டவருக்கு நாலு தவணைதான் லாபம், தொல்லை இருந்தாலும். 44ஏடிஏவில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: ஒவ்வொரு பில் பணம் வரும்போதும் வரிக்கான பங்கைத் தனிக் கணக்கில் ஒதுக்குங்கள். மார்ச்சில் ஒன்றரை லட்சத்தைத் திடீரெனப் புரட்டுவது லேசுப்பட்ட காரியமில்லை.

சம்பளக்காரருக்கு வேறு வழி

24 லட்சத்துக்கு மேல் வரிக்குரிய வருமானம் உள்ள ஒருவருக்கு எஃப்டி வட்டி 3 லட்சம் வருகிறது. வங்கி 10% பிடித்துவிட்டது, 30,000. ‘வங்கிதான் பிடித்துவிட்டதே’ என்று அவர் நிம்மதியாக இருக்கிறார். ஆனால் அவருடைய வரி வீதம் செஸ் சேர்த்து 31.2%. ஆக வரி 93,600. இன்னும் 63,600 பாக்கி. ஒன்றும் கட்டாமல் ஜூலையில் ரிட்டர்னோடு கட்டினால் 234சி வட்டி 3,210. அட்வான்ஸ் டேக்ஸ் 90% கூடக் கட்டாததற்கு 234பி பிரிவில் ஏப்ரல் முதல் மாதம் 1% வீதம் 2,544. மொத்தம் 5,754 ரூபாய் வீண்.

இவர் ஜூன், செப்டம்பர் என்று தேதிகளைத் துரத்தலாம். அதைவிட எளிது, இந்த வட்டி வருமானத்தையும் வங்கி பிடித்ததையும் அலுவலகத்தில் எழுதிக்கொடுத்து, சம்பளத்திலேயே பிடிக்கச் சொல்வது. 192(2பி) பிரிவு இதற்கு இடம் தருகிறது. தவணைக் கணக்குப் போடும்போது டிடிஎஸ் எந்த மாதம் பிடித்தார்கள் என்று பார்ப்பதில்லை. மொத்த வரியிலிருந்து அதைக் கழித்துவிட்டு மிச்சத்துக்குத்தான் தவணை. டிசம்பரில் சொல்லி ஜனவரி, பிப்ரவரி, மார்ச் சம்பளங்களில் தலா 21,200 பிடித்தாலும், ஜூனில் கட்டவில்லையே என்ற கேள்வி வராது. சம்பளக்காரர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். மற்ற வருமானம் அலுவலகத்துக்குத் தெரியக்கூடாது என்று நினைப்பவர்களும், சம்பளப் பிரிவு கணக்கை முடித்தபின் வருமானம் பார்ப்பவர்களும் மட்டும் தாங்களே கட்டிக்கொள்ளட்டும்.

60 வயதைக் கடந்து, தொழில், வியாபார வருமானம் இல்லாத உள்நாட்டுவாசிகளுக்கு அட்வான்ஸ் டேக்ஸே கிடையாது. ஓய்வூதியமும் வட்டியும் வாங்கும் அப்பா, அம்மாவுக்காகப் பயந்துகொண்டு ஜூனில் கட்ட ஓட வேண்டாம். ரிட்டர்ன் தாக்கல் செய்வதற்கு முன் கட்டினால் போதும்.

கடைசியில் வட்டியோடு கட்டுவது

‘எஃப்டியில் போட்டு வைக்கிறேன், வட்டிக்கு வட்டி சரியாகப் போகும்’ என்று சிலர் சொல்வார்கள். போகாது. நம் ஆலோசகர் நாலு தவணை வழியில் இருந்துகொண்டு எதுவும் கட்டாமல் ஜூலை வரை இழுத்தால் 234சியில் 8,399, 234பியில் 6,656, ஆக 15,055 ரூபாய் கூடுதல். ஆண்டுக்கு 12% வீதத்தில் கொடுத்து, அதைவிடக் குறைவாக, அதுவும் வரி கட்டிச் சம்பாதிப்பதில் என்ன பிரயோசனம்? வேறு வழியே இல்லையென்றால் மார்ச் 31ஐயாவது தாண்டாதீர்கள். அன்றுவரை கட்டுவதெல்லாம் அட்வான்ஸ் டேக்ஸ்தான். 90% சேர்ந்துவிட்டால் 234பி தொடாது. ஒரு நாள் தாண்டி ஏப்ரல் 1 ஆனால் அந்த மாதம் முழுவதற்கும் வட்டி.

2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்து பிரிவு எண்கள் மாறிவிட்டன. எல்லாருக்கும் பழக்கமானவை என்பதால் பழைய எண்களையே சொன்னேன். நாலு தேதிகளும் சதவீதங்களும் அப்படியேதான் இருக்கின்றன.

எந்த வழியானாலும் கட்டுமிடம் ஒன்று: வருமான வரித் துறை போர்ட்டலில் உள்ள இ-பே டேக்ஸ். 2025-26 வருமானத்துக்கு மதிப்பீட்டு ஆண்டு 2026-27 என்று வர வேண்டும். அட்வான்ஸ் டேக்ஸுக்கு 100, ஆண்டு முடிந்தபின் கட்டும் பாக்கிக்கு 300 என்ற தலைப்பு. சலானை இறக்கி வைத்துக்கொண்டு, சில நாள் கழித்து 26ஏஎஸ்ஸில் (உங்கள் பெயரில் வரவான வரியைக் காட்டும் அறிக்கை) தொகை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஆண்டோ தலைப்போ தவறாக விழுந்திருந்தால் உடனே போர்ட்டலிலேயே திருத்தக் கேளுங்கள். அதற்குக் காலக்கெடு உண்டு.