இரவு இரண்டு மணிக்குத் திறக்கும் கேரியர்

சாப்பாட்டுக் கடைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் இலையில் ஆவி பறக்கும்போதே ருசி பார்த்துவிடுகிறார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பிரசவ வார்டில் இரவுப் பணி. எட்டு மணிக்கு வந்த சாப்பாட்டைச் சில நாள் பதினொன்றுக்கும் பல நாள் இரண்டுக்கும்தான் திறக்கிறேன். ஆகவே பாளையங்கோட்டையில் ஓர் ஆச்சி தம் வீட்டில் சமைத்து அனுப்பும் கேரியர் சாப்பாட்டைப் பற்றி நான் எழுதுவதெல்லாம் ஆறிய சோற்றின் விமர்சனம்.

ஏழு மாதமாக வாங்குகிறேன். வேளைக்கு 90 ரூபாய், கேரியருக்கு முன்பணம் 300. ஹைகிரவுண்டு வட்டாரத்து ஆஸ்பத்திரிகளுக்கு மட்டும்தான் கொடுக்கிறார்கள். அண்ணாச்சி ஒருவர் மொபெட்டில் கொண்டுவந்து வாட்ச்மேன் மேசையில் வைத்துவிட்டுப் போவார். மூடியில் சிவப்புப் பெயிண்டில் எண் இருக்கும். என்னுடையது 14.

இதற்கு முன் என் இரவுச் சாப்பாடு டீயும் பிஸ்கட்டும். ஆள் மாற்றிவிட்டுப் போக முடிந்தால் புரோட்டா, சால்னா. புரோட்டாவைக் குறை சொல்லிவிட்டு இந்த ஊரில் இருக்க முடியாது. ஆனால் நள்ளிரவில் தின்றால் நான்கு மணிக்கு நெஞ்சு எரிகிறது. பகலில் தின்கிற அதே அளவை அந்த நேரத்தில் தின்றால் ரத்தச் சர்க்கரையும் கூடுதலாக ஏறும். இதையெல்லாம் படித்துத் தேர்வெழுதியவள்தான். நெஞ்செரிச்சலுக்கான பான்டோபிரசோல் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போடுங்கள் என்று நோயாளிக்குச் சொல்லிவிட்டு, புரோட்டாவுக்குப் பிறகு நான் போட்டுக்கொண்ட நாட்கள் உண்டு.

திங்கட்கிழமை உளுந்தம்பருப்புச் சோறு. இதற்காகவே சேரலாம். தொலியோடு உடைத்த கறுப்பு உளுந்து, பூண்டு, வெந்தயம், தேங்காய்த் துருவல். தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். ஆறினால் இறுகிவிடும் சோறு இது. ஆச்சி தண்ணீரைச் சற்றுக் கூட வைத்துக் குழைய எடுப்பதால் இரண்டு மணிக்கும் கரண்டி இறங்குகிறது. குழம்பு ஊற்றிப் பிசைகிற வேலை இல்லை. ஒரு கையில் போன், மறு கையில் கரண்டி என்று ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம். கூட்டாஞ்சோறும் அப்படித்தான், முருங்கைக்கீரை மட்டும் நேரமாக ஆகக் கொஞ்சம் கறுத்துப்போகும்.

வியாழக்கிழமை வரும் சொதி என்கிற தேங்காய்ப்பால் குழம்புதான் வம்பு. எட்டு மணிக்குத் திறந்து பார்த்தபோது அதன் வாசனைக்கு வார்டில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். சித்திரை வெயிலில் தேங்காய்ப்பால் எத்தனை நேரம் தாங்கும்? இரண்டு வாரம் திரிந்துபோய்க் கொட்டினேன். பிரிட்ஜில் வைக்கலாமே என்று கேட்பீர்கள். அது பிரசவத்துக்குப் போடும் ஆக்ஸிடோசின் ஊசிக்கானது. சொதியை வைத்தால் சிஸ்டர் என்னையும் சேர்த்து வெளியே வைப்பார்.

ஆச்சிக்குப் போன் போட்டேன். "சொதிக்குக் காத்திருக்கத் தெரியாது தாயி, வந்ததும் சாப்பிட்டுவிட வேண்டும்" என்றார்.

"பிள்ளை பிறக்கிறது காத்திருக்குமா ஆச்சி?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அடுத்த வியாழன் முதல் இரவுப் பணி எண்களுக்கு மட்டும் மிளகாய்ப்பொடி இட்லி வருகிறது. நல்லெண்ணெய் தாராளமாகப் புரட்டி வாழையிலையில் கட்டியிருப்பதால் விடியும்வரை இட்லி விறைப்பதில்லை. சொதி போனதில் எனக்கு வருத்தம்தான். பகல் பணி வாரத்தில் மட்டும் வாங்கிக்கொள்கிறேன்.

குறைகளும் இருக்கின்றன. கரண்டி தருவதில்லை. ஞாயிறு விடுமுறை, அன்றைக்கு மறுபடியும் பிஸ்கட். கேரியரின் கொக்கி திறக்கும்போது போடுகிற கிறீச்சில் பக்கத்துக் கட்டிலில் கண்ணயர்ந்த டாக்டர் இரண்டு முறை எழுந்து, கேஸ் வந்துவிட்டதென்று செருப்பைத் தேடினார். மிச்சம் வைத்தால் மறுநாள் அண்ணாச்சி வழியாக விசாரணை வேறு. திரும்பிப் போகும் தட்டுகளை ஆச்சி கேஸ் ஷீட் மாதிரி பார்க்கிறார்.

சேர விரும்புகிறவர்களுக்கு இப்போது இடம் இல்லை. பயிற்சி மருத்துவர்கள் மாறும்போது சில எண்கள் காலியாகும். 14 ஆகாது.