பழைய டிஸ்க்கும் பூட்டுப் போட்ட சாஃப்ட்வேரும்: குளோன்ஜில்லா எப்படி?

பாளையங்கோட்டையில் ஸ்டிக்கர் கட்டிங், கல்யாணப் பத்திரிகை டிசைன் என்று கடை நடத்துகிறேன். கட்டிங் மெஷினை ஓட்டுகிற சாஃப்ட்வேர் விண்டோஸ் 7-ல்தான் ஓடும். விற்ற கம்பெனி இப்போது இல்லை. புது லைசென்ஸ் கேட்க ஆள் கிடையாது. ஆவணி முகூர்த்த நெருக்கடியில் அந்த 320 ஜிபி ஹார்டு டிஸ்க் 'கடக் கடக்' என்று சத்தம் போட ஆரம்பித்துவிட்டது.

"ஃபோல்டர அப்படியே காப்பி பண்ணிருவோம் அண்ணாச்சி" என்றான் சர்வீஸ் பையன். ஏல, அது என்ன பாட்டு ஃபைலா? லைசென்ஸ் பூட்டுப் போட்ட சாஃப்ட்வேர்களில் சிலது, டிஸ்க்கின் முதல் செக்டாருக்கும் (டேட்டா எழுதுகிற சின்னக் கட்டம்) முதல் பார்ட்டிஷனுக்கும் (சி டிரைவ் மாதிரிப் பிரிவு) நடுவில் கிடக்கிற இடத்தில் லைசென்ஸை எழுதி வைக்கும். சிலது, ஃபார்மட் பண்ணும்போது விழுகிற வால்யூம் சீரியல் நம்பரைப் பார்க்கும். ஃபைல் காப்பியில் இரண்டுமே வராது.

டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கிற, தைவானில் உருவான குளோன்ஜில்லா சாஃப்ட்வேரில் வரும். இலவசம், பென்டிரைவில் போட்டு பூட் பண்ண வேண்டியதுதான். அந்த நடு இடத்தை நகலெடுக்கும் '-ஜே2' ஆப்ஷன் டிக் போட்டே இருக்கிறது. சாதாரணமாக டேட்டா உள்ள இடத்தை மட்டும்தான் எடுக்கும். நான் '-கியூ1' கொடுத்து, காலி இடம் உட்பட அத்தனை செக்டாரையும் எடுத்தேன். நேரம் இழுக்கத்தான் செய்யும். டிஸ்க்கில் படிக்க முடியாத செக்டார் இருந்தால் '-ரெஸ்கியூ' கொடுங்கள், நடுவில் நிற்காது.

முகப்பு மட்டும் மகா மோசம். எல்லாம் கீபோர்டுதான். டிஸ்க்குகளை எஸ்டிஏ, எஸ்டிபி என்று காட்டும். மூலம் எது, நகல் எது என்று மாற்றிக் கொடுத்தால் வெற்று டிஸ்க் பழையதன் மேல் ஏறிவிடும், சோலி முடிஞ்சுது. அதனால்தான் புதுசை 500 ஜிபியாக வாங்கினேன், அளவைப் பார்த்தே அடையாளம் தெரியும்.

டிஸ்க் தயாரித்தவர்கள் உள்ளே பதித்த சீரியல் நம்பர் மட்டும் நகலில் வராது. அதைப் பார்க்கிற சாஃப்ட்வேர் என்றால் இது கைகொடுக்காது. என்னுடையது லைசென்ஸ் கேட்காமல் திறந்தது. டாங்கிள் (லைசென்ஸ் உள்ள, பென்டிரைவ் மாதிரி சொருகுகிற சாவி) வைத்தவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை, அவர்கள் டாங்கிளைத் தொலைக்காமல் இருந்தால் சரி.

இது திருட்டு காப்பி ஆகாதா என்று பக்கத்துக் கடைக்காரர் கேட்டார். காசு கொடுத்து வாங்கின சாஃப்ட்வேர் அழிந்துபோகாமல் இருக்க பேக்கப் எடுக்க 1957 பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டம் 52-ஆம் பிரிவே இடம் கொடுக்கிறது.

நகல் முடிந்ததும் பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டுத்தான் பூட் பண்ணுங்கள். இரண்டிலும் ஒரே சிக்னேச்சர் (விண்டோஸ் டிஸ்க்கை அடையாளம் காண்கிற எண்) இருப்பதால் விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைனில் தள்ளிவிடும்.