வாய் போன கத்தி யாரிடம் போகும்? கம்மாலைக் கத்தியும் கடைக் கத்தியும்

பாரமான வேலைக்கு ஒரு கத்தி வேண்டும் என்று தேடினால் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் மூன்று வழி இருக்கிறது. கம்மாலையில் லொறி ஸ்பிறிங் பட்டையில் அடித்து எடுக்கலாம். ஹார்ட்வெயார் கடையில் பிளாஸ்டிக் பிடியோடு தொங்கும் மெல்லிய நீளக் கத்தியை வாங்கலாம். உறையும் பெட்டியுமாக வரும் வெளிநாட்டுத் தடித்த கத்தியை எடுப்பிக்கலாம். நான் தெரிந்தெடுத்தது முதலாவதை. ஆகவே இந்த அலசலும் அந்தப் பக்கம் சாயும், அதை மறைக்கப்போவதில்லை.

தடித்த கத்தி எதற்கு என்று கேட்பவர்கள் பெரும்பாலும் வளவு இல்லாதவர்கள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் ஒரு காணியை மழைக்கு முன்னர் துப்புரவாக்கிப் பார்த்தால் தெரியும். காலையில் பற்றை, பிறகு காய்ந்த பாலைக் கொப்பு, இடையில் இளநீர், பின்னேரம் வேலிக்குக் கட்டை சீவுவது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆயுதம் காவிக்கொண்டு திரிய முடியாது. கோடாலி பற்றையை வெட்டாது, தாக்கத்தி கொப்பை வெட்டாது. 1978 நவம்பர் 23 சூறாவளியில் தென்னைகள் பாய்போல விழுந்து கிடந்தபோது ஊர் ஊராக ஒழுங்கையைத் திறந்தது கோடாலியும் கைக்கத்தியும்தான். அந்த நினைவு உள்ள வீடுகளில் கதவு மூலையில் இன்றைக்கும் ஒரு காட்டுக்கத்தி நிற்கும்.

விலை, அழகு, உடனே கிடைப்பது ஆகிய மூன்றையும் சுருக்கமாகவே சொல்லலாம். உடனே கிடைப்பது கடைக் கத்தி. அழகானது பெட்டிக் கத்தி, விலையில் முதலிடமும் அதற்கே. கம்மாலைக் கத்திக்குக் காத்திருக்க வேண்டும், கொல்லரின் கைக்குக் கை தரமும் மாறும். இதில் வாதம் இல்லை.

முதலில் கடைக் கத்தியைப் பார்ப்போம், ஏனென்றால் அதைத்தான் அதிகம் பேர் தவறாக வாங்குகிறார்கள். ஏறக்குறைய 18 அங்குல அலகு, 2 மில்லிமீற்றர் தடிப்பு, பிடியோடு சேர்த்து அரைக் கிலோ. இது மோசமான கத்தி அல்ல, வேறு வேலைக்கான கத்தி. பச்சைத் தண்டு, புல், வாழை, கரும்பு இவற்றுக்கு இதை அடிக்க வேறொன்று இல்லை. ஹிங்குராணைப் பக்கத்துக் கரும்புக் காணியில் நாள் முழுக்கக் கை வீச வேண்டியவருக்கு 1 கிலோக் கத்தியைக் கொடுத்தால் மத்தியானத்தோடு தோள் கழன்றுவிடும். மெல்லிய அலகு வேகத்தால் வெட்டுகிறது, தடித்தது எடையால் வெட்டுகிறது. காய்ந்த முதிரையிலோ பாலையிலோ மெல்லிய கத்தியைப் போட்டால் அலகு துள்ளி அதிர்வு முழுவதும் பிடிக்கு வரும். முதலில் ஆணி தளரும், அடுத்து பிளாஸ்டிக் ஆணிக் கண்ணிலிருந்து வெடிக்கும். வாயில் அலை விழும். அலை விழுந்த வாயைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தலாம்தான், ஆனால் அதே இடம் மறுபடியும் மடங்கும்.

பெட்டிக் கத்தியில் என் கை அவ்வளவு பழகவில்லை, ஆகவே அளந்தே சொல்கிறேன். 4 முதல் 6 மில்லிமீற்றர் தடிப்பு, பெரும்பாலானவற்றில் அலகு 6 முதல் 9 அங்குலம். உருக்கு சீரானது, சூட்டுப் பதம் தொழிற்சாலையில் பார்த்தது, கைக்குக் கை மாறாது. கட்டையின் மேல் வைத்து முதுகில் தட்டி விறகு பிளக்க நல்லது. ஆனால் 7 அங்குல அலகு பற்றைக்கு நீளம் போதாது. முள்ளுப் பற்றைக்குள் கையை முழங்கை வரை விட்டால்தான் அடித்தண்டுக்கு எட்டும். நீளமும் எடையும் முன்பக்கம் இல்லாத கத்தியில் எல்லா வேலையையும் மணிக்கட்டே செய்ய வேண்டும்.

இனி ஸ்பிறிங் பட்டை. லொறி, பிக்கப் பாரத்தைத் தாங்கும் அந்தப் பட்டை சாதாரண இரும்பு அல்ல. 5160 என்று எண் போட்ட வகையில் காபன் 0.56 முதல் 0.64 சதவீதம், குரோமியம் 0.7 முதல் 0.9 சதவீதம். வளைந்து திரும்பி வருவதற்காகவே செய்த உருக்கு. அதனால்தான் கல்லில் பட்டாலும் சட்டென்று முறியாது. நேபாளத்துக் குக்ரி என்று உலகமெல்லாம் விலை கொடுத்து வாங்குகிறார்களே, அதுவும் பெரும்பாலும் லொறி ஸ்பிறிங்கில் அடித்ததுதான். அங்கே சிவக்கச் சூடாக்கிய அலகை முழுதும் நனைக்காமல், கேத்தலில் தண்ணீர் எடுத்து வாய் நெடுக மட்டும் ஊற்றித் தோய்ச்சல் கொடுப்பார்கள். வாய் இறுகும், முதுகு மென்மையாகவே நிற்கும்.

நம் பக்கம் கொல்லரிடம் கொடுக்கும்போது கெட்டுப்போகும் இடங்கள் இரண்டு. ஒன்று பட்டை. பழைய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத களைப்பு வெடிப்பு இருக்கலாம். நடு ஆணி போகும் துளைக்கு அருகில் அது அதிகம், ஆகவே துளையின் இரு பக்கமும் இரண்டு விரல்கடை தள்ளித்தான் வெட்டி எடுக்க வேண்டும். முறிந்த பட்டையை எடுக்கவே கூடாது. தொங்கவிட்டுச் சுத்தியலால் தட்டினால் நல்ல பட்டை மணிபோல இழுத்துக் கேட்கும், வெடித்தது சட்டியைத் தட்டியதுபோல அடங்கிவிடும்.

இரண்டாவது தோய்ச்சல். காந்தம் ஒட்டாமல் போகும் சூடு ஏறக்குறைய 770 பாகை செல்சியஸ். அதைத் தாண்டிச் செம்மஞ்சள் நிறம் வந்ததும், அதாவது 830, 840 பாகையில், எண்ணெயில் இறக்க வேண்டும். இந்த உருக்கை முழுதாகப் பச்சைத் தண்ணீரில் போட்டால் நூல் வெடிப்பு விழும். எண்ணெயில் இறுகியதும் கத்தி கண்ணாடி மாதிரி, அப்படியே பாவித்தால் வாய் துண்டு துண்டாக உதிர்ந்து பல் விழும். ஒரு ஓரத்தைத் தேய்த்து வெள்ளையாக்கிவிட்டு முதுகுப் பக்கமாகச் சூடு காட்டினால் நிறம் ஓடிவரும்: வைக்கோல் மஞ்சள், கபிலம், ஊதா, நீலம். முதுகு நீலமாகி வாயில் கபிலம் ஊதாவாக மாறும் தறுவாயில் நிறுத்த வேண்டும். அது 260 முதல் 280 பாகை. மஞ்சளில் நிறுத்தினால் வாய் முறியும், நீலம் வாய்க்கு வந்துவிட்டால் மடங்கும். அவசரத்தில் இந்தப் படியை விட்டுவிடும் கம்மாலைகள் உண்டு. கேட்டு நின்று செய்விக்க வேண்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இவ்வளவும் கத்தி புதிதாக இருக்கும்போது உள்ள கதை. என் தீர்ப்பு நிற்பது வேறு இடத்தில்: வாய் போன நாளில்.

எந்தக் கத்திக்கும் வாய் போகும். வரம்பில் கிடக்கும் கல், தென்னை மட்டைக்குள் இருந்த பழைய ஆணி, வேலிக் கட்டையில் மறைந்த முள்ளுக்கம்பி. ஒரு தடவை பட்டால் போதும். அன்றைக்குக் கையில் இருப்பது ஒரு 10 அங்குலத் தட்டை அரமும் ஒரு சாணைக்கல்லும்தான். அரத்தின் கடினம் றொக்வெல் அளவில் 60க்கு மேலே. நல்ல ஸ்பிறிங் கத்தியின் வாய் 50 முதல் 56 வரை. அரம் அதைக் கடிக்கும், ஆனால் வெண்ணெய்போல அல்ல, கொஞ்சம் முறைத்துக்கொண்டு. அந்த முறைப்புத்தான் சரியான பதத்தின் அடையாளம். 58, 60 என்று இறுக்கிய பெட்டிக் கத்தியில் அரம் வழுக்கும், பல்லும் மழுங்கும். அதற்கு வைரத் தூள் பூசிய தகடு வேண்டும். செங்கலடியிலோ அக்கரைப்பற்றிலோ ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அதை எந்தக் கடையில் கேட்பது?

அரம் போடும் விதத்தையும் சொல்லிவிடலாம். கத்தியை ஒரு கட்டையில் வாய் வெளியே தெரிய ஆணியோ கிளாம்போ வைத்து இறுக்குங்கள். அரம் முன்னே தள்ளும்போதுதான் வெட்டும், பின்னே இழுக்கும்போது தூக்க வேண்டும், உரசி இழுத்தால் அரம்தான் சாகும். ஒரு பக்கம் எட்டுப் பத்துத் தள்ளல். மறுபக்கத்தில் விரலை முதுகிலிருந்து வாய்ப் பக்கமாகத் தடவினால் பிசிறு தட்டுப்படும். வாய் நெடுகப் பிசிறு வந்த பிறகே அடுத்த பக்கம். பிறகு கல். 50 மில்லிமீற்றர் அகலமான அலகில் முதுகு கல்லை விட்டு 17 மில்லிமீற்றர் உயர்ந்தால் ஒரு பக்கம் 20 பாகை, இரண்டும் சேர்த்து 40. காய்ந்த மரத்துக்கு இது போதும். இதைவிட மெலிவாகத் தீட்டினால் இளநீருக்கு இனிக்கும், பாலைக் கணுவில் பல் விழும்.

பல் 2 மில்லிமீற்றருக்கு மேல் ஆழமாக விழுந்தால் அரத்தால் முடியாது. கம்மாலைக் கத்தியின் பலம் அங்கேதான் தெரியும். திரும்பவும் உலைக்குப் போகும், வாயைத் தட்டி மெலிதாக்கி, தோய்ச்சல் வைத்து, பதம் பார்த்துக் கொடுப்பார்கள். அகலம் கொஞ்சம் குறையும், கத்தி புதிது. மிகவும் தேய்ந்தால் அதே இரும்பு மீன் வெட்டும் கத்தியாக மறுபிறவி எடுக்கும். பெட்டிக் கத்தியைக் கொல்லரிடம் கொடுத்தால் அவர் கையை விரிப்பார். எந்த உருக்கு, எந்தச் சூடு என்று தெரியாமல் உலையில் வைத்தால் தொழிற்சாலைப் பதம் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். கடைக் கத்தியில் தட்டி எடுக்கச் சதையே இல்லை.

இந்த இடத்தில் ஒரு மனக்குறை. இப்போது பல இடங்களில் கத்தி தீட்டுவதென்றால் கிறைண்டரில் பிடித்துவிடுகிறார்கள். பொறி பறக்கப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். கத்தியை வாங்கி வெயிலில் சாய்த்துப் பாருங்கள்: வாய் நெடுக நீல நிறத்தில் ஒரு கோடு. வாய் மெல்லியது, சில விநாடியில் 300 பாகையைத் தாண்டிவிடும், அந்த இடத்தின் பதம் இறங்கிப் போயிற்று என்பதுதான் அந்த நீலம். அன்றைக்கு மயிர் சிரைக்கும், மறுநாள் மடங்கும். நீலம் முழுக்கப் போகும்வரை அரம் போடுவதைத் தவிர வழியில்லை. கத்தி ஒன்றுதான் இருந்தால் கிறைண்டர்க்காரர் கண்ணில் காட்டாதீர்கள்.

பிடி விடயத்தில் பெட்டிக் கத்திக்காரர்கள் பெருமையடிப்பது, அலகின் இரும்பு பிடியின் அடிவரை முழு அகலத்தில் போகிறது என்று. நல்லதுதான், ஆனால் அது இல்லாவிட்டால் கத்தியே இல்லை என்ற பேச்சு மிகை. அமெரிக்க மரீன் படை 1942இல் எடுத்த கா-பார் கத்தியிலேயே தோல் பிடிக்குள் போவது ஒடுங்கிய வால்தான், உலகப் போரையே கண்டுவிட்டு வந்தது. நம் கத்தியில் வால் 4 அங்குலமாவது உள்ளே போகட்டும். அதைச் சுடவைத்துப் பூவரசு அல்லது முதிரை வைரக் கட்டையில் எரித்து இறக்கி, அரக்கு ஊற்றி, வாய்ப்புறத்தில் இரும்புக் குழாய்த் துண்டில் பூண் போடச் சொல்லுங்கள். கட்டை நன்றாகக் காயாவிட்டால் கோடையில் சுருங்கி ஆடும். ஆடினால் பயப்பட வேண்டாம், பிடி மாற்றுவது அரை மணி வேலை. வார்த்த பிளாஸ்டிக் பிடி வெடித்தால் அந்த வசதி இல்லை.

துருவில் கம்மாலைக் கத்தி தோற்கிறது, ஒத்துக்கொள்ள வேண்டும். கடற்காற்று ஒரு பக்கம், வாவிக் காற்று ஒரு பக்கம். இளநீரோ தேசிக்காயோ வெட்டிவிட்டுத் துடைக்காமல் வைத்தால் காலையில் கறுத்துக் கிடக்கும். துடைத்து, காய்ந்த பிறகு தேங்காயெண்ணெய் ஒரு துளி. மாரிக்கு எடுத்து வைப்பதானால் கழிவு எண்ணெய், ஆனால் அந்தக் கத்தியைச் சாப்பாட்டுப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. பீவீசீக் குழாயைச் சூடாக்கித் தட்டையாக்கினால் நல்ல உறை கிடைக்கும், அடியில் ஒரு துளை விட மறக்க வேண்டாம், தண்ணீர் வடிய வேண்டுமே. தோலுறைக்குள் கத்தியை நாட்கணக்கில் விட்டால் உப்பீரம் ஊறித் துரு பிடிக்கும். தோணியிலேயே கத்தி கிடக்கும் மீனவருக்கு நான் கம்மாலைக் கத்தியைச் சொல்லமாட்டேன். கறைபடாத உருக்கில் ஒன்றை எடுத்துக்கொள்ளட்டும், தீட்டும் கஷ்டம் அவருக்குக் குறைவான கஷ்டம்.

கொல்லரிடம் சொல்ல வேண்டிய அளவு இது. அலகு 14 அங்குலம், அகலம் 50 மில்லிமீற்றர், முதுகு பிடியடியில் 6, நுனிப்பக்கம் 4, அங்கிருந்து வாய்க்கு ஆப்புப்போலச் சரிவு. பிடியோடு முக்கால் கிலோவுக்குள் நிற்கும். முதுகு 8 வேண்டும், பாரமாக வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. 1 கிலோவைத் தாண்டினால் அது கோடாலி வேலைதான் செய்யும், கோடாலியைவிட மோசமாக. எடுக்கப் போகும்போது காய்ந்த பாலைக் கணு ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். அங்கேயே பத்து வெட்டு வெட்டிவிட்டு நகத்தை வாய் நெடுக ஓட்டிப் பாருங்கள். நகம் ஓரிடத்தில் விழுந்தால் பல் போயிருக்கிறது, இன்னும் கொஞ்சம் சூடு காட்டிப் பதத்தை இறக்க வேண்டும். வழுக்கி ஒரு பக்கம் தட்டினால் மடங்கியிருக்கிறது, தோய்ச்சலே திரும்ப. உலை எரிந்துகொண்டுதான் இருக்கும், காசு கொடுக்கும் முன்னரே இரண்டையும் திருத்தி வாங்கிவிடலாம்.