வழவழப்பா, மணலா, சிமெண்டா? சிங்கப்பூரின் காங்கிரீட் தரைக்கு எது தாங்கும்

தேக்கா பக்கம் சாப்பாட்டுக் கடை நடத்தும் ஒரு அக்கா சென்ற மாதம் கூப்பிட்டிருந்தார். சமையலறைத் தரையில் எப்பாக்சி என்னும் பிசின் பூச்சு போட்டு நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. சோறு வடிக்கும் இடத்தில், தண்ணீர் போகும் குழியைச் சுற்றி, ஒரு பாய் அகலத்துக்குப் பூச்சு அப்பளம் போல உப்பியிருந்தது. ஓரத்தில் விரலை விட்டால் உரிந்து கையோடு வந்தது. "நல்லா பளபளன்னு இருந்துச்சு தம்பி, மறுபடியும் அதே மாதிரி போட்டுத் தாங்க" என்றார். அதே மாதிரி போட்டால் அதே மாதிரி உரியும் அக்கா என்றேன். அன்று அவரிடம் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். துவாஸ் கிடங்குகளிலிருந்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் குளியலறை வரை பதினைந்து வருடமாக எனக்கு இதுதான் வேலை.

நம் ஊரில் பெரும்பாலும் மூன்று பூச்சுகளுக்கு நடுவில்தான் போட்டி. முதலாவது வழவழ எப்பாக்சி. பிசினையும் அதை இறுக வைக்கும் ஹார்டனரையும் கலந்து ஊற்றினால் தானே பரவி 2, 3 மில்லிமீட்டர் கனத்தில் மட்டமாக நிற்கும். ரோலரில் உருட்டும் மெல்லிய வகையும் உண்டு. அது வெறும் பெயிண்ட் கனம்தான். இரண்டாவது குவார்ட்ஸ் எப்பாக்சி. அதே பிசின் ஈரமாக இருக்கும்போதே அதன் மேல் வண்ண குவார்ட்ஸ் மணலைத் தூவி, மேலே இன்னொரு பூச்சால் மூடுவது. மூன்றாவது பியு சிமெண்ட். பாலியூரித்தேன் பிசினும் சிமெண்டும் மணலும் சேர்ந்த கலவை, 4 முதல் 9 மில்லிமீட்டர் வரை கனமாகப் போடலாம்.

எது நல்லது என்று கேட்பதற்கு முன் இந்த ஊர்க் காற்றைப் பார்க்க வேண்டும். மழையில்லாத நாளிலும் விடியற்காலையில் இங்கே ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும், பிற்பகலில்தான் 60 பக்கம் இறங்கும். எப்பாக்சிக்குப் பொதுவாகச் சொல்லும் எல்லை 85. காங்கிரீட்டின் வெப்பம் பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி மேலே இருக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. பனிநிலை என்றால் காற்றிலுள்ள ஈரம் தண்ணீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை. காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 85 என்றால் பனிநிலை 27 டிகிரிக்குச் சற்று மேல். இரவெல்லாம் குளிர்ந்து 28 டிகிரியில் கிடக்கும் தரை கண்ணுக்குக் காய்ந்ததாகத் தெரிந்தாலும் அதில் பூச்சு போடக் கூடாது. பிற்பகலில் காற்று 31 டிகிரி, ஈரப்பதம் 65 ஆகும்போது பனிநிலை 24-க்குக் கீழே போய்விடும். அதே தரையில் அப்போது தாராளமாகப் போடலாம். காலை எட்டு மணிக்கே வாளியைத் திறக்கச் சொல்லி அவசரப்படுத்துபவர்களிடம் நான் காட்டுவது இந்தக் கணக்கைத்தான்.

விதியை மீறினால் என்ன ஆகும்? ஹார்டனர் காற்றிலுள்ள ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து, மேலே வெண்மையான மெழுகுப் படலத்தை உண்டாக்கும். அதைக் கழுவித் தேய்க்காமல் அடுத்த கோட்டு, அதாவது அடுத்த அடுக்குப் பூச்சு, போட்டால் ஒட்டாது. வெளியே பார்க்கப் பளபளப்பாகத்தான் இருக்கும், ஆறு மாதத்தில் கோட்டுக்குக் கோட்டு பிரிந்து வரும்.

சூடும் நம்மோடு மோதும். கலந்த பிறகு எவ்வளவு நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்று வாளி மேல் எழுதியிருக்கும் நேரம் பெரும்பாலும் 20 அல்லது 25 டிகிரிக்கு. பத்து டிகிரி கூடினால் அந்த நேரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். கலந்ததை உடனே தரையில் ஊற்றிப் பரப்ப வேண்டும். வாளியிலேயே விட்டால் தன் சூட்டிலேயே கொதித்துப் புகைய ஆரம்பிக்கும். அப்புறம், ஹார்டனரைக் கையுறை இல்லாமல் கையாளும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. தோல் ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் வாழ்நாள் முழுக்க விடாது. நல்ல கைவினைக்காரர் இருவர் அதனாலேயே இந்தத் தொழிலை விட்டுப் போனதைப் பார்த்திருக்கிறேன். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

காற்றைவிடப் பெரிய எதிரி தரைக்குக் கீழே இருக்கிறது. துவாஸ் போலக் கடலை நிரப்பி எடுத்த நிலத்தில், தரைக்கடியில் ஈரத்தடுப்புப் படலம் இல்லையென்றால், ஈரம் காங்கிரீட் வழியாக மேலே ஏறிக்கொண்டே இருக்கும். எப்பாக்சி அதை வெளியே விடாது. ஈரம் சேர்ந்து சேர்ந்து சிறு கொப்புளங்களாகக் கிளம்பும். ஒன்றைக் குத்திப் பார்த்தால் பிசுபிசுவென்று பழுப்பு நீர் வரும். இது வழவழ எப்பாக்சிக்கும் குவார்ட்ஸுக்கும் ஒரே மாதிரி வரும் நோய், மணல் தூவியதால் தப்பிக்க முடியாது. ஈரமான தரையில் பியு சிமெண்ட்தான் கெட்டிக்காரன். அதிலுள்ள சிமெண்ட் இறுகுவதற்கே தண்ணீர் வேண்டும் என்பதால் கொஞ்சம் ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளும். எப்பாக்சிக்காகப் புதுக் காங்கிரீட் 28 நாள் காத்திருக்க வேண்டும். பியு சிமெண்டைப் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்திலேயே போடலாம்.

இப்போது குவார்ட்ஸுக்கு வருகிறேன், எனக்குப் பிடித்த பூச்சு. ஒரு சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கிலோ மணல் இழுக்கும். பிசின் மினுங்குவது எங்கேயும் கண்ணில் படாத வரை தூவிக்கொண்டே போக வேண்டும். தூவுபவர் கஞ்சத்தனம் பார்த்தால் மறுநாள் வழுக்கைத் திட்டுகள் தெரியும். மறுநாள் ஒட்டாத மணலைப் பெருக்கி எடுத்து, லேசாகச் சுரண்டி, மேல்பூச்சு கொடுப்போம். கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில் குவார்ட்ஸ் 7, சாதாரண இரும்பைவிடக் கெட்டி. தள்ளுவண்டிச் சக்கரமும் செருப்பில் ஒட்டிய பொடிக்கல்லும் முதலில் அந்த மணலைத்தான் உரசும், பிசினை அல்ல. வழவழ எப்பாக்சியில் ஒரு மரப்பலகையை இழுத்தாலே கீறல் தெரியும், வெளிச்சம் பட்டால் இன்னும் தெரியும். பல வண்ண மணலில் அதே கீறல் கலந்து மறைந்துவிடும்.

இதைவிட முக்கியம் வழுக்கல். காய்ந்திருக்கும் வரை வழவழ எப்பாக்சி நல்ல தரை. உள்ளே குளிரூட்டி ஓடும் மின்னணுத் தொழிற்சாலைக்கும், தூசி ஆகாத கிடங்குக்கும் நானே அதைத்தான் சிபாரிசு செய்வேன். மழை பெய்து லாரி இறக்கும் வாசலில் சாரல் அடித்தால் அது ஆபத்து. நடைபாதைப் பரப்புகளின் வழுக்குத் தடைக்கு எஸ்எஸ் 485 என்று சிங்கப்பூருக்கே ஒரு தரநிலை இருக்கிறது. தரையை ஈரமாக்கிச் செய்த சோதனை முடிவைக் காட்டச் சொல்லி ஒப்பந்தக்காரரிடம் தயங்காமல் கேளுங்கள்.

குவார்ட்ஸில் பலர் கவனிக்காத நுணுக்கம் மேல்பூச்சின் கனம். ஒரு கோட்டோடு நிறுத்தினால் மணல் முனை நிற்கும், கால் நன்றாகப் பிடிக்கும், ஆனால் மாப்பின் நூலும் அழுக்கும் அதில் மாட்டும். இரண்டு மூன்று கோட்டு போட்டால் துடைக்க எளிது, ஆனால் பிடிப்பு குறைந்துவிடும். கடைக்காரர் துடைக்க எளிதாக வேண்டும் என்பார், அதில் வேலை செய்பவர் வழுக்கக் கூடாது என்பார். ஒரு சதுர அடி மாதிரியைப் போட்டு, தண்ணீர் ஊற்றி, தினமும் அங்கே நிற்கப்போகிறவரையே அதில் நடக்கச் சொல்வேன். அவர் வார்த்தைதான் எனக்குக் கணக்கு.

இவ்வளவு சொன்ன பிறகும் அக்காவின் அடுப்பங்கரைக்குக் குவார்ட்ஸும் சரிவராது. சோறு வடித்த கஞ்சி நூறு டிகிரிக்குப் பக்கத்தில் தரையில் கொட்டுகிறது. சாதாரண எப்பாக்சி 50, 60 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும். சூடு பட்டால் காங்கிரீட்டைவிடப் பல மடங்கு விரியும், தண்ணீர் ஊற்றிக் கழுவியதும் சுருங்கும். ஒரு நாளைக்கு நாலு தடவை கஞ்சி வடித்தால் நாலு தடவை இந்த இழுபறி. பியு சிமெண்ட் விரிந்து சுருங்கும் அளவு காங்கிரீட்டுக்கு நெருக்கமானது. 9 மில்லிமீட்டர் கனத்தில் போட்டால் கொதிநீரையும் சுடு எண்ணெயையும் தாங்கும். புளித்த மாவு, புளி, தயிர் ஆகியவற்றின் அமிலத்தையும் அது எப்பாக்சியைவிட நன்றாகவே பொறுக்கும்.

குறையும் உண்டு. பளபளப்பு கிடையாது, வண்ணம் சிலதுதான், விலையும் மூன்றில் இதுதான் அதிகம். கலந்த கொஞ்ச நேரத்திலேயே இறுகத் தொடங்குவதால் பழகிய குழு வேண்டும். சுவர் ஓரத்திலும் தண்ணீர்க் குழியைச் சுற்றியும் காங்கிரீட்டில் பள்ளம் வெட்டி, அதில் கலவையை இறக்கி முடிக்க வேண்டும். அந்தப் பள்ளத்தை வெட்டாமல் விட்டால் ஓரத்திலிருந்துதான் கிளம்பும்.

வெயில் படும் இடத்தில் கணக்கு மாறும். எப்பாக்சி வெயிலில் மஞ்சளாகி, பிறகு சுண்ணாம்பு போலப் பொடியும். தரைவீட்டுக் கார் வாசலில் குவார்ட்ஸ் போடுபவர்கள் மேல்பூச்சை மட்டும் பாலிஅஸ்பார்ட்டிக் என்ற வேறு வகைப் பிசினில் கேளுங்கள், அது மஞ்சளாகாது. நம் ஈரக்காற்றில் இன்னும் வேகமாக இறுகும் என்பதால் சின்னச் சின்னப் பகுதியாகத்தான் போட வேண்டும்.

வீவக புது வீட்டுக் குளியலறையில் முதல் மூன்று வருடம் தரை ஓடுகளை உடைக்க அனுமதியில்லை. அதனால் ஓட்டின் மேலேயே எப்பாக்சி போடுகிறார்கள். ஓட்டின் மினுமினுப்பைத் தேய்த்து எடுத்துவிட்டுப் போட்டால் நிற்கும். ஆனால் அது நீர்த்தடுப்புக்கு மாற்று அல்ல. கீழ்வீட்டில் ஒழுகினால் எப்பாக்சி அடித்து மறைக்கப் பார்க்காதீர்கள். வீட்டில் வயதான அம்மா அப்பா இருந்தால் வண்ணச் செதில் தூவி மேலே வழவழவென்று மூடும் வகை வேண்டாம். நுண்மணல் குவார்ட்ஸ் போடுங்கள்.

அக்காவிடம் வருகிறேன். சமையலறைக்குப் பியு சிமெண்ட், சாப்பிடும் கூடத்துக்கு இரண்டு கோட்டு மேல்பூச்சோடு குவார்ட்ஸ், சாமான் வைக்கும் உள்ளறைக்கு மட்டும் அவர் ஆசைப்பட்ட வழவழ எப்பாக்சி என்று முடிவு செய்தோம். உள்ளறையில் ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி வைத்துவிட்டு வந்தேன். 16 மணி நேரம் கழித்துத் திறந்தபோது தாளின் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றது. அக்காவே குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தார். "அப்ப இங்கேயும் அந்தச் சிமெண்டே போட்டுடுங்க தம்பி" என்றார்.