பெயரைக் கேட்பதா, கூப்பனைக் கொடுப்பதா?

ஊசி வழியே போதைப்பொருள் எடுத்துக்கொள்பவர்களுக்கு வாக்காளர் பட்டியல் போல ஒரு பட்டியல் எங்கும் இல்லை. வடசென்னையில் ஓர் ஆய்வுக்காக அவர்களைத் தேடிச் சேர்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது மூன்று வழிகள் இருந்தன. மறுவாழ்வு மையத்தில் போய்க் கேட்பது எளிது. ஆனால் அங்கே கிடைப்பவர்கள் சிகிச்சைக்கு வந்துவிட்டவர்கள் மட்டுமே என்பதால் அதை உடனே விட்டுவிட்டேன். எஞ்சிய இரண்டில் பனிப்பந்து முறையை முதலிலும் கூப்பன் முறையைப் பிறகும் கையாண்டேன். இன்று என் சாய்வு கூப்பன் பக்கம்தான்.

பனிப்பந்து முறையில், பேட்டி கொடுத்தவரிடமே அவருக்குத் தெரிந்த மற்றவர்களைக் காட்டச் சொல்கிறோம். செலவு குறைவு. பத்துப் பதினைந்து பேரிடம் ஆழமாகப் பேசினால் போதும் என்ற ஆய்வுக்கு அதுவே தாராளம்.

1997-இல் சமூகவியலாளர் டக்ளஸ் ஹெக்கதார்ன் முன்வைத்த கூப்பன் முறையில், நாம் தேர்ந்தெடுக்கும் முதல் சிலருக்கு, பெரும்பாலும் ஆளுக்கு மூன்றாக, எண்ணிட்ட கூப்பன்களைத் தருகிறோம். அதை வாங்கிக்கொண்டு நண்பர் வந்து பேட்டி கொடுத்தால், வந்தவருக்கும் அனுப்பியவருக்கும் தொகை உண்டு. மூன்றுக்கு மேல் கிடையாது என்பதால், பழக்கம் அதிகமுள்ள ஒருவரின் கூட்டாளிகளே மாதிரியை, அதாவது ஆய்வுக்குச் சேர்ப்பவர்களின் தொகுப்பை, நிரப்பிவிடாமல் சங்கிலி அடுத்தடுத்த வட்டங்களுக்கு நீள்கிறது.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது வேறொன்று. போதைப்பொருள் தடுப்புக்கான 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அதைப் பயன்படுத்துவதே தண்டனைக்குரிய குற்றம்; அப்படியிருக்க, ஒருவரிடம் நண்பரின் பெயரைக் கேட்பது காட்டிக்கொடுக்கச் சொல்வதற்குச் சமம். பனிப்பந்து முறையில் வேலை செய்த நாட்களில், பேட்டி முழுவதும் தயங்காமல் பேசிய ஒருவர், அந்தக் கேள்வி வந்ததும் என் கையிலிருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அவன் பேரை நான் சொல்லக் கூடாது சார்” என்று எழுந்துவிட்டார். அவர் செய்தது சரி. பிறகு அவருக்கே மூன்று கூப்பன்கள் கொடுத்தோம். பீடிக் கட்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டு போனார். ஐந்தாம் நாள் அவற்றில் ஒன்று, மடிப்பில் எண் பாதி அழிந்து, வேறொருவர் கையில் திரும்பி வந்தது. அவர் யார் என்று நாங்கள் யாரையும் கேட்கவில்லை. வரலாமா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்திருந்தார்.

இதில் தொல்லையே இல்லை என்று சொல்ல மாட்டேன். பணத்துக்காகப் பழக்கமே இல்லாதவர்களும் வந்தார்கள். பேட்டி கொடுத்தவரே வேறு பெயரில் மறுபடி வந்ததும் உண்டு. எந்தக் கூப்பன் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்ற பதிவேட்டை நாள் தவறாமல் எழுத வேண்டும். “இந்தப் பழக்கமுள்ள எத்தனை பேரை உங்களுக்குத் தெரியும்?” என்ற கேள்விக்குப் பலரும் பத்து, இருபது என்றே சொல்வார்கள், மதிப்பீட்டில் ஒவ்வொருவருக்கும் தரும் எடை (அதிகம் பேரைத் தெரிந்தவருக்குக் குறைவு) அந்த விடையைத்தான் நம்பியிருக்கிறது. கிடைக்கும் மதிப்பீடுகளின் துல்லியம் நினைத்ததைவிடக் குறைவாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கோயலும் சல்கானிக்கும் 2010-இல் காட்டியதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

பெண்கள் விஷயத்தில் என் அனுபவம் மெலிந்தது. எங்களிடம் வந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். ஆண்களிடம் தொடங்கிய சங்கிலி ஆண்களுக்குள்ளேயே சுற்றியது முறையின் குறையா, தொடக்கத்தில் ஒரு பெண்ணையும் சேர்க்காத எங்கள் குறையா என்று கேட்டால், இரண்டாவதையே சொல்வேன். அடுத்த முறை முதல் கூப்பன்கள் பெண்களிடமிருந்து, பெண் களப்பணியாளர் மட்டும் இருக்கும் தனி இடத்தில் தொடங்கும்.